டோக்கன் இல்லாதவன் பெயர்

சரவணா,

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. பந்தல்காரனுக்கு போன் போடுவதை விட்டுவிட்டு இந்த மனுஷன் என்ன எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று உங்கம்மா சமையலறையில் பாத்திரத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள். கும்மிடிப்பூண்டிக்கும் வேப்பம்பட்டுக்கும் நடுவில் ஒரு ரயில் மாறினால் போதும், நேரில் வந்து சொல்லக்கூடாதா என்று நீயும் கேட்பாய். நேரில் வந்தால் பாதிப் பேச்சில் எனக்குக் கோபம் வந்துவிடும். மீதியை உன் மேலேயே பழிபோட்டு முடித்துவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். என் வாய் அப்படிப்பட்டது. கை கொஞ்சம் யோக்கியம். சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிப் பழகிய கை என்பதால் தப்பாக எழுதினால் அடித்துத் திருத்தும். வாய்க்கு அந்த வழக்கம் கிடையாது. இதை நீ படித்த பிறகு உன் தங்கையிடம் கொடு, நம் வீட்டுக்கு வரப்போகிற பெண்ணிடமும் கொடு. நீ கட்டிய பூங்காவின் அறிவிப்புப் பலகையில் ஒட்டி ஊரே படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

விஷயம் நீ சித்தப்பா என்று கூப்பிடுகிற தயாளனைப் பற்றியது. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "சித்தப்பா கல்யாணத்துக்கு வரமாட்டாராம், நைனா. பத்திரிகையை வாங்கி வெச்சிக்கினு வேற ஒண்ணுமே பேசல. நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டாய். நான் ஏதோ ரயில் சத்தம், சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டது, நன்றாகவே கேட்டது. நீ ஒன்றும் பண்ணவில்லை சரவணா. பண்ணியவன் நான். என்ன பண்ணினேன் என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். அதைச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருஷத்தில் ஓரளவு ஊகித்திருப்பாய்.

நான் பொறாமைக்காரன். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே, அந்தக் கண் என்னுடைய கண்தான். பூங்காவைத் திறந்த மறுநாள் காலையில் நான் தனியாகப் போய் உட்கார்ந்தேன். புல்தரைக்குக் குழாய் வைத்துத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரமாம். அதே மண்ணில்தான் எங்கள் இரும்பு வார்ப்புக் கம்பெனியும் நம் காலனியின் நாற்பது வீடுகளும் நின்றன. நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். உங்கம்மா குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து சோறு வடித்துவிட்டுத் திரும்பிப் போனாலும் குடம் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்றைக்கு அந்த இடத்தில் புல் ராஜா மாதிரி குளிக்கிறது. புல்லைப் பார்த்து வயிறெரிந்த ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உலையில் இருந்து வந்த கசடையெல்லாம் கொட்டிக் கொட்டி ஒரு மேடு ஆகியிருந்ததே, அதற்குப் படி கட்டி, மேலே நிழற்குடை வைத்து, நின்று வேடிக்கை பார்க்கிற இடமாக மாற்றியிருக்கிறாய். அந்த மேட்டில் வெறுங்காலோடு ஏறினால் கால் கிழியும் என்று உன்னை எத்தனை தரம் அடித்திருக்கிறேன். இப்போது புது ஷூ போட்டவர்கள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். என்னைப் பார்த்ததும், "உங்க பையன் கட்டின பார்க்குங்களா, சூப்பரா கீது" என்கிறார்கள். நான் சிரித்தேன். உள்ளே, இருபத்திரண்டு வருஷம் நெருப்பில் நின்றவனுக்குக் கிடைக்காத பேர் இரண்டு வருஷம் செடி நட்டவனுக்குக் கிடைத்துவிட்டதே என்று இருந்தது. பெற்ற பிள்ளை மேலேயே பொறாமைப்படுகிறவன் அடுத்தவன் மேல் எவ்வளவு படுவான் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

தயாளன் உலையடிக்கு வந்தபோது எனக்கு அங்கே ஏழு வருஷம் ஆகியிருந்தது. நான் பெர்மனென்ட். பித்தளை டோக்கன், அதில் நம்பர், காலனியில் வீடு எல்லாம் உண்டு. அவன் கான்ட்ராக்ட். டோக்கன் கிடையாது, அதனால் வீடும் கிடையாது. நம் வீட்டுப் பின்சுவரில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு சாய்த்து ஒரு சார்ப்பு இறக்கிக்கொண்டு அதில் அவனும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். நான்தான் இடம் கொடுத்தேன். அந்த நல்ல பெயர் எனக்கு உண்டு, அதை மறுக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் நிறையப் பேர் வந்து போவார்கள், லோடு இறக்குவார்கள், பெயர் கேட்பதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்கள். உலையடியிலேயே நிலைத்து நின்ற டோக்கன் இல்லாத ஆள் அவன் ஒருவன்தான்.

உலையில் இரும்பு உருக்குவது என்பது என்ன என்று நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், உன் பெண்டாட்டிக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். கரியும் பழைய இரும்பும் சுண்ணாம்புக்கல்லும் மேலே போட்டுக் காற்றடித்தால் அடியில் இரும்பு உருகி நிற்கும். அடியில் இருக்கிற வாயைக் களிமண் உருண்டையால் அடைத்திருப்போம். சரியான நேரம் பார்த்துக் கம்பியால் அதைக் குத்தித் திறக்க வேண்டும். சீக்கிரம் திறந்தால் சூடு போதாமல் வார்ப்பு ஓட்டை ஓட்டையாக வரும். தாமதித்தால் வாயிலேயே உறைந்துவிடும். அந்த நேரத்தைச் சொல்கிறவன்தான் தலைமை உருக்காளி. நான்தான் அது. உலைச் சூட்டைப் பார்க்கிற நீலக் கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருக்கும். தயாளன் வந்து ஆறு மாதத்தில் கண்ணாடியே இல்லாமல், காற்றடிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டு, "இப்ப தொறந்தா சரியா இருக்கும், அண்ணா" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தான். சொன்னது ஒரு நாளும் பிசகவில்லை. அச்சுப் பிடிக்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டு அவன் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் அவன் சொன்னான் என்பதற்காகவே நான் திறக்கவில்லை. கண்ணாடியை வைத்துக்கொண்டு பெரிய மேதாவி மாதிரி நின்றேன். வாயில் இரும்பு கல்லாகிவிட்டது. அன்றைய வார்ப்பு போயிற்று. மறுநாள் முழுக்கக் கடப்பாரை போட்டு உடைத்தோம். என் பக்கத்தில் நின்று அவனும் உடைத்தான். அவன் திட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

உலையை அவன் எடுத்துக்கொண்டதையாவது தாங்கியிருப்பேன். நீ அவனிடம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது நீ அவன் தோளில் இருப்பாய். என்னைக் கண்டால் இறங்குவாய், நல்ல பிள்ளை மாதிரி. இறங்காமல் இருந்திருக்கலாம், அந்த இறங்குகிற அழகுதான் எனக்கு எரியும். சைக்கிள் அவன் கற்றுக்கொடுத்தான். நான் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தபோது நீ ஓட்டிக்காட்டினாய். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று உங்கம்மா பெருமையாகச் சொல்வாள். இவனுக்குத்தான் வளர்வதற்குப் பிள்ளையே இல்லையே, பிறகு எதற்கு ஊட்டுகிறான் என்று நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். இப்படி ஒரு கேள்வியை ஒருவன் மனதில் வைத்திருக்கிறான் என்றால் அவன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்.

உன் தங்கை பிறந்த நேரம். உங்கம்மா பிரசவத்துக்கு ஊத்துக்கோட்டை போயிருந்தாள். பள்ளிக்கூடம் சேர்த்துவிட்டோம் என்று உன்னை என்னோடு வைத்துக்கொண்டேன். உனக்கு நல்ல காய்ச்சல் வந்துவிட்டது. காலையில் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை, நீ கண்ணைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியவன் நான். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. ஏன் என்று இருபது வருஷமாக எனக்கு மட்டும் தெரியும், இப்போது உனக்குச் சொல்கிறேன். நான் லீவு போட்டால் அன்றைக்கு நீலக் கண்ணாடி தயாளன் கைக்குப் போகும். அவன் கையில் உலை ஒரு நாள் நன்றாக ஓடிவிட்டால் அப்புறம் என்னை யார் மதிப்பார்கள்? அதனால் உலையை நான் வைத்துக்கொண்டு உன்னை அவன் கையில் கொடுத்து அனுப்பினேன். அவன் உன்னைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினான். மூன்று நாள் உன் கட்டிலை விட்டு நகரவில்லை. நான் சாயங்காலம் சாயங்காலம் வந்து பார்த்தேன். மூன்றாம் நாள் நீ கண் திறந்து முதலில் கேட்டது, "சித்தப்பா எங்க?" என்று. அவன் வெளியே டீ குடிக்கப் போயிருந்தான். நான்தான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம் உலையடிக்கு ஒரு பெர்மனென்ட் இடம் வந்தது. யாரைப் போடலாம் என்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். காலனி முழுவதும் தயாளனுக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டது. அவன் மனைவி சார்ப்பில் விளக்கேற்றிக் கும்பிட்டதை நானே பார்த்தேன். நான் பொன்னேரிக்காரர் ஒருவர் பெயரைச் சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் கம்பியைத் தலைகீழாகப் பிடிப்பவர். தயாளன் ஏன் வேண்டாம் என்று மேனேஜருக்கே ஆச்சரியம். "அவன் வேலைக்கு வராம நின்னுட்டான் சார், போன மாசம் ரெஜிஸ்டர பாருங்க" என்றேன். பார்த்தார். மூன்று நாள் ஆப்சென்ட் என்று சிவப்பு மையில் இருந்தது. எந்த மூன்று நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை சரவணா. ரெஜிஸ்டரில் இருந்ததைத்தான் காட்டினேன். என் பிள்ளை உயிரைக் காப்பாற்றிய மூன்று நாளைக் காட்டி, காப்பாற்றியவன் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அவன் கம்பெனி மூடுகிற வரைக்கும் கான்ட்ராக்டாகவே இருந்தான்.

கம்பெனி மூடியதும் எங்களுக்கெல்லாம் செட்டில்மென்ட் என்று ஏதோ கிடைத்தது, அவனுக்கு ஒன்றும் இல்லை. காலனியை இடித்தார்கள். நாம் இந்த வீட்டுக்கு வந்தோம். அவன் கவரைப்பேட்டையில் ஒரு குடோனுக்குக் காவலாளியாகப் போனான். தொலைந்தது என்று நினைத்தேன். எங்கே தொலைந்தது? நீ டிப்ளமா படிக்கும்போது ரயிலில் போகிற வழியில் கவரைப்பேட்டையில் இறங்கி அவனைப் பார்த்துவிட்டுத்தான் வருவாய். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சட்டை, அவனுக்கு ஒரு சட்டை. இரண்டும் ஒரே விலை என்பதை நான் லேபிளைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பூங்கா வேலை உன் கம்பெனிக்கு வந்து, நீ சைட் இன்ஜினியராக இங்கேயே வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைக் கூட்டிக்கொண்டு சைட்டைச் சுற்றினாய். எங்கே உலை நின்றது, எங்கே காற்றடிக்கிற மெஷின் இருந்தது என்று அவனிடம் கேட்டுக் கேட்டு நடைபாதை போட்டாய். என்னையும் கேட்டாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் அவனைக் கேட்டாய்.

ஒரே ஒரு விஷயத்துக்கு நீ என்னிடம்தான் வந்தாக வேண்டியிருந்தது. நுழைவாயிலில் கறுப்புக் கல் ஒன்று வைத்து, "இந்த உலையில் உழைத்தோர்" என்று தலைப்புப் போட்டுப் பெயர்களைச் செதுக்கலாம் என்று நீதான் யோசனை சொல்லி ஒப்புதலும் வாங்கினாய். கம்பெனி ரெஜிஸ்டர்கள் எல்லாம் கரையான் தின்றுவிட்டன. சங்கத்தில் இருந்தவன், எல்லார் பெயரும் இனிஷியலோடு ஞாபகம் இருக்கிறவன் நான் ஒருவன். நீ லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாய். அந்த ஒரு மணி நேரம் நீ முழுக்க என்னுடையவனாக இருந்தாய். முதல் பெயராக என் பெயரைப் போடச் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே போட்டாய். செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், கம்பியைத் தலைகீழாகப் பிடித்தவர் எல்லாரையும் சொன்னேன். முடிந்ததும் நீ தலையைத் தூக்கி, "சித்தப்பா பேரு உட்டுட்ட, நைனா" என்றாய். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "டோக்கன் நம்பர் இருந்தவங்க பேருதான்டா போடணும். கான்ட்ராக்ட்காரனையெல்லாம் போட ஆரம்பிச்சா எங்க நிறுத்தறது? நாளைக்கு நாலு பேரு வந்து நிப்பான், உனக்குத்தான் பேஜாரு" என்றேன். அரசாங்க வேலை, நியாயமாக இருக்க வேண்டும் என்று உனக்குப் பயம். சரி என்று மூடிவிட்டாய். அன்று ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. அவனுக்கு ஏன் டோக்கன் இல்லை என்று என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

திறப்பு விழா அன்று தயாளன் நீ வாங்கிக்கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மனைவியோடு வந்தான். நேராகக் கல்லிடம் போனான். விரலை வைத்து மேலிருந்து கீழே படித்தான். பிறகு கீழிருந்து மேலே படித்தான். அவன் மனைவிக்குப் படிக்கத் தெரியாது, அவள் அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நாலடி தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ மைக் செட்டுக்கும் மாலைக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தாய். அவன் உன்னை நிறுத்தி ஏதோ கேட்டான். நீ அவசரத்தில், "டோக்கன் இருந்தவங்க பேரு மட்டும்தான் சித்தப்பா, கான்ட்ராக்ட்ல இருந்தவங்களது போடல" என்று சொல்லிவிட்டு ஓடினாய். அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மனைவி தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வெளியே போனான். அன்றிலிருந்து அவன் பூங்காவுக்கும் வரவில்லை, நம் வீட்டுக்கும் வரவில்லை. நீ போன் செய்தால் டியூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறான்.

எனக்கு எது வேண்டும் என்று இத்தனை வருஷம் இருந்தேனோ அது கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ என்னிடம் மட்டும் வந்தாய். நாம் இரண்டு பேரும் அந்த நடைபாதையில் நாலு ரவுண்டு நடந்தோம். நீ ஒவ்வொரு ரவுண்டிலும் கேட்டைத் திரும்பிப் பார்த்தாய். மூன்றாவது ஞாயிறு நீ நடக்கவும் வரவில்லை, தலைவலி என்றாய். எங்கம்மா அடிக்கடி சொல்வாள், பங்காளி வீட்டு மாட்டை விரட்டினால் நம் வீட்டு மாட்டுக்குப் பால் கூடிவிடாது என்று. அது இத்தனை வயதுக்கு மேல்தான் எனக்கு விளங்கியது.

கல்யாணத்துக்கு நிற்கிறவனுக்கு அப்பன் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நீயும் என் ரத்தம், உனக்கும் இது வரும். உன் மனைவி அவள் தம்பியிடம் சிரித்துப் பேசும்போது வரும். அவள் ஆபீஸில் அவளுக்கு உன்னைவிட முன்னால் பதவி வந்தால் வரும். நாளைக்கு உன் பிள்ளை அவள் அப்பாவிடம் ஓடும்போது கண்டிப்பாக வரும். வரட்டும், அது வந்ததற்காக யாரும் உன்னைத் தூக்கில் போடமாட்டார்கள். "எனக்குப் பொறாமையா கீது" என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. அவள் சிரிப்பாள், நீ கொஞ்சம் அசிங்கப்படுவாய், அதோடு போகும். நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ரெஜிஸ்டர் என்றேன், டோக்கன் என்றேன், நியாயம் என்றேன். சங்கத்தில் இருந்தவனுக்கு நியாயம் பேசவா தெரியாது?

நீ போன் செய்த அன்றைக்கு மறுநாள் காலையில் நான் கவரைப்பேட்டை போனேன். தயாளன் குடோன் வாசலில் காவலாளி உடுப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை எனக்குக் கொடுத்தான். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. உட்காராமல் நின்றபடியே, ரெஜிஸ்டர் விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் கேட்டது, நான் அந்த மூன்று நாளைக் காட்டியது எல்லாம். சொல்லி முடித்தால் அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் சாலையில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் அண்ணா" என்றான். அன்று சாயங்காலமே ஆபீஸ் கிளார்க் அவனிடம் சொல்லிவிட்டாராம்.

அன்று சாயங்காலமே. அதாவது அதற்குப் பிறகு அவன் உன்னைத் தோளில் தூக்கியதெல்லாம், என் பக்கத்தில் நின்று கம்பி பிடித்ததெல்லாம், உங்கம்மா கொடுத்த குழம்பை வாங்கிச் சாப்பிட்டதெல்லாம் தெரிந்துதான். தெரிஞ்சும் ஏன்டா கேட்கல என்றேன்.

"கேட்டா இன்னா ஆவும்? உன் ஊட்டு சொவத்துல ஒட்டிக்கினு இருந்தேன். சண்ட போட்டா சார்ப்ப பிரிச்சிக்கினு போவணும். போனா சரவணன பாக்க முடியாது. அதான் உட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன் சரவணா. அதை அவன் எனக்கு எப்போதோ கொடுத்து, மறந்தும் போயிருந்தான். அதிலும் என்னை முந்திவிட்டான். அந்த நிமிஷத்திலும் எனக்கு வந்தது வெட்கம் பாதி, பொறாமை பாதி. பிறகு எதற்குக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்கிறாய், கல்லில் பெயர் இல்லாததற்கா என்று கேட்டேன். அப்போதுதான் அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"கல்லுல உட்டதுக்கு இல்லண்ணா. நீ உடுவேன்னு எனக்குத் தெரியாதா இன்னா? ஆனா அத்த புள்ள வாயால என்கிட்ட சொல்ல வெச்சிட்டியே. உனுக்கு வேணுன்னா நீ வந்து சொல்லியிருக்கலாம். நான் கேட்டுக்கினு போயிருப்பேன்."

நான் கூப்பிட்டால் வருவாயா என்றேன். நீ கூப்பிட்டு வரமாட்டேன், பிள்ளை கூப்பிட்டால் வருவேன், ஆனால் அவனுக்கு எல்லாம் தெரிந்த பிறகு கூப்பிடட்டும், தெரியாமல் கூப்பிட்டால் அது எனக்கு வேண்டாம் என்றான். கண்ணாடி இல்லாமல் நேரம் சொல்கிறவன் இல்லையா, எதை எப்போது திறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது. இதை எழுதுவது அதற்குத்தான். இதைப் படித்து முடித்ததும் உனக்கு அவன் மேல் பாசம் இன்னும் கூடும். என் மேல் இருப்பது எவ்வளவு குறையும் என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் உன்னை நான் மொத்தமாக வைத்துக்கொண்டிருக்கலாம். நாலு நாள் அப்படியும் யோசித்தேன், மறைக்கவில்லை.

வரும் வழியில் கல் செதுக்கியவரைப் பார்த்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அவர் டேப்பை வைத்து அளந்தார். கீழே கடைசிப் பெயரோடு கல் முடிந்துவிடுகிறதாம், அதற்குக் கீழே சிமெண்ட்தான். ஓரத்தில் பூவேலை இருக்கிறது. ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. அது மேலே, தலைப்புக்கும் முதல் பெயருக்கும் நடுவில். அதாவது என் பெயருக்கு மேலே. வேறு எங்கேயும் முடியாதா என்று அவரிடம் மூன்று தரம் கேட்டேன். முடியாது என்று மூன்று தரமும் சொன்னார். சரி, செதுக்குங்கள் என்று சொல்லிவிட்டேன். அனுமதி வாங்குவது உன் பொறுப்பு, நான் சொன்னது தப்புத் தகவல் என்று எழுதிக் கேட்டால் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். இனிஷியல் மு. அவன் அப்பா பெயர் முனுசாமி.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் கல் வேலை. நீ முன்னாடியே கவரைப்பேட்டை போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவர்கள் இரண்டு பேரையும் முறையாக அழைத்துக் கூட்டிக்கொண்டு வா. நான் பூங்காவுக்கு வரமாட்டேன். அந்தப் பெயர் என் பெயருக்கு மேலே எழுத்து எழுத்தாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு நான் இன்னும் திருந்தவில்லை. வீட்டில் இருப்பேன். முடிந்ததும் அவர்களைச் சாப்பிட இங்கே அழைத்து வா, உங்கம்மாவிடம் சொல்லிவிட்டேன். பந்தியில் தயாளன் உன் பக்கத்தில்தான் உட்காருவான், எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம் யாரையும் உட்கார விடாதே.

உன் நைனா